மஞ்சள் பட்ட காகிதம்

நவமணியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யாராவது கேட்டால், அவளை ஏற்றிப் போய் இறக்கிவிட்டவன் என்பதுதான் பதில். நான் டிரைவர். பெயர் காளியண்ணன், சொந்த ஊர் கெர்லிங். எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். படித்தவர்கள் பின்னால் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவது என் வேலை. அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. புரிந்த பாதியிலும் பெரும்பாலானவற்றுக்கு எரிச்சல்தான் வரும்.

நவமணி அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் லேப் அசிஸ்டண்ட். ரவாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில், ஃபேக்டரிக்குப் போகும் பெண்களோடு சேர்ந்து வாடகைக்கு இருந்தாள். ஒல்லி உடம்பு, வேகமான நடை, அதைவிட வேகமான வாய். வேனில் ஏறியதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "என்னண்ணே, இன்னிக்கும் அதே சட்டையா?" என்பாள். "பொண்ணு பாக்கவா போறோம்? தோட்டத்துக்குத்தானே லா" என்று நானும் விடமாட்டேன்.

அவள் பிறந்ததே தோட்டத்தில்தான். கோல சிலாங்கூருக்கு வடக்கே, எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கிற ஒரு தோட்டம். பெயரை எழுதப் போவதில்லை. அதை நடத்திய துரை இன்னும் உயிரோடு இருக்கிறார், மகன் வேறு வக்கீல். நவமணியின் அப்பா இறந்ததும் அக்கா நல்லம்மாள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனாள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது அந்த வேலைக்கும் அவளே போனாள். தங்கச்சி மட்டும் ஐந்தாம் படிவம் வரைக்கும் படித்தாள். இதை நவமணி யாரிடமும் மறைக்கவில்லை. "எங்கக்கா வேலைக்குப் போனா, நான் ஸ்கூலுக்குப் போனேன்" என்று லேபில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுவாள்.

லேபில் அவளுக்கு மேலே இருந்தவர் டாக்டர் நடராஜா. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ரசாயனம் படித்த டாக்டர். தோட்டத்துப் பெண்களுக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை விளங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தி முதுகுவலிக்கு மாத்திரை கேட்பாள். அவரும் பாவம், கடையில் வாங்கிய பெனடோலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. மூளைக்குள் ஓடுகிற சேதியை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற பைத்தியம். பத்தாங் பெர்ஜுந்தை ரோட்டில் வேன் குலுங்கிக்கொண்டு போகும்போது எனக்கும் சேர்த்துத்தான் பாடம் நடத்துவார். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல ஒரு ஆளை அனுப்புமாம். அந்த ஆளுக்குப் பெயர் அசிட்டைல்கோலின். சேதி சொல்லி முடித்ததும் அவன் அங்கே நிற்கக் கூடாது. நின்றால் அடுத்த நரம்பு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். அதனால் அவனை உடனே உடைத்துப் பெருக்கித் தள்ள ஒரு நொதி இருக்கிறது. பூச்சி மருந்து என்ன செய்கிறது என்றால், அந்தப் பெருக்குகிற நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. பூச்சிக்கும் அதே கதி, மனுஷனுக்கும் அதே கதி. வேர்த்துக் கொட்டும், எச்சில் வழியும், கண் மங்கும், சதை துடிக்கும். அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும்.

"அந்தச் சேதிக்காரனையே புடிக்க முடியாதா டாக்டர்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அவன் கண் சிமிட்டுறதுக்குள்ள மறைஞ்சிடுவான், காளியண்ணன். ஒருநாள் வரும். நியூக்ளிக் அமிலம் இருக்கு பாருங்க, நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் இருக்கிற இழை, அதை வெச்சே கண்ணி கட்டி அவனைப் பிடிப்பாங்க. என் காலத்துல நடக்காது. இப்போதைக்குப் பெருக்குறவன் எவ்வளவு பேர் மிச்சம்னு ரத்தத்துல எண்ணினா போதும்."

கனவு காண்பதற்கு யாரும் வரி போடுவதில்லை என்று நான் வண்டியை ஓட்டினேன்.

எண்ணுவதற்கு அவரும் நவமணியும் சேர்ந்து ஒரு காகிதம் செய்திருந்தார்கள். பார்த்தால் தபால் தலை அளவுதான் இருக்கும். இரண்டு அடுக்கு. விரலைக் குத்தி மேல் அடுக்கில் அழுத்தினால் ரத்தத்தின் சிவப்பு அங்கேயே தங்கிவிடும், தெளிந்த நீர் மட்டும் கீழே இறங்கும். கீழ் அடுக்கில் அசிட்டைல்கோலினும் ஒரு பச்சைச் சாயமும் தடவியிருக்கும். ரத்தத்தில் நொதி நன்றாக இருந்தால் அசிட்டைல்கோலினை உடைத்துப் புளிப்பாக்கும், பச்சை மஞ்சளாக மாறும். நொதி செத்திருந்தால் பச்சை பச்சையாகவே கிடக்கும். மஞ்சள் நல்லது, பச்சை கெட்டது. எனக்கே விளங்கிவிட்டது என்றால் பாருங்கள். பெரிய மெஷின் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், தோட்டத்தில் வைத்தே சொல்லிவிடலாம் என்பதுதான் அதன் பெருமை. அந்தக் காகிதங்களைச் சாயத்தில் முக்கி, உலர்த்தி, வெட்டி எடுத்ததெல்லாம் நவமணி. சமையல் செய்கிற பக்குவம் என்று டாக்டர் மெச்சுவார்.

அந்த வருஷம் செம்பனை ஓலையைப் புழு தின்றது. குச்சியால் கூடு கட்டிக்கொண்டு தொங்குகிற புழு. மரம் உயரமாகிவிட்டதால் தெளித்தால் எட்டவில்லை, அதனால் மரத்துக்கே ஊசி போட்டார்கள். ஆண்கள் அடிமரத்தில் துளை போடுவார்கள். பெண்கள் தங்கள் போத்தலிலிருந்து மருந்தை ஊசிக்குழாயில் உறிஞ்சித் துளைக்குள் செலுத்திவிட்டு, ஈரமண்ணை உருட்டி அடைப்பார்கள். கையுறை கொடுத்திருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கையுறை போட்டால் மண் உருளாது, வேலை முடியாது, மேற்பார்க்கிற மண்டோர் கத்துவார். ஆகவே வெறுங்கைதான். அந்தக் கும்பலில் நல்லம்மாளும் இருந்தாள். டாக்டர் அந்தத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்ததே நவமணி கேட்டுக்கொண்டதால்தான்.

முதல் தடவை போனபோது மருந்து வேலை இன்னும் தொடங்கவில்லை. கெடுவதற்கு முன்னால் ரத்தம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டுமாம். ஆயாக் கொட்டகையில், பிள்ளைகளின் தூளிகளுக்கு நடுவில் மேசை போட்டோம். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். நாள் முழுக்க மரத்துக்கு ஊசி போடப் போகிறவர்கள் விரலில் ஒரு குத்துக்குப் பயந்து நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மண்டோர் ஐயாவு முன்னால் வந்து, "இதுக்குப் போயி பயப்படுறீங்களே" என்று விரலை நீட்டினார். அன்றிலிருந்து எப்போதும் அவர்தான் முதல் ஆள். அது ஒரு கௌரவமாகிவிட்டது.

குத்தின இடத்தில் துடைக்க ஸ்பிரிட் கொண்டுபோயிருந்தோம். அது எரிந்தது. ஒருத்தி கையை உதறிக்கொண்டு, "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றாள். நவமணி எழுந்து போய் அக்கா வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு மில்லோ டின்னில் மஞ்சள் தூள் கொண்டுவந்தாள். குத்தி, ரத்தத்தைக் காகிதத்தில் அழுத்தி, மேல் அடுக்கை உரித்து, கீழ் அடுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, விரலில் ஒரு சிட்டிகை மஞ்சளை வைத்து அழுத்தி அனுப்புவாள். புண் என்றால் மஞ்சள் வைப்பது நம் வீடுகளில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பெண்கள் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம நவமணிக்குத்தான் தெரியும்" என்றார்கள். அதற்குப் பிறகு ஒருத்தியும் வராமல் இருக்கவில்லை. அவள் கெட்டிக்காரிதான் என்று நானே நினைத்தேன். டாக்டரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தலையை ஆட்டிச் சிரித்தார்.

மருந்து வேலை தொடங்கி நன்றாக நடந்துகொண்டிருந்தபோது மறுபடியும் போனோம். மண்டோரின் காகிதம் பச்சையாகவே நின்றது. அவருக்குப் பின்னால் வந்த பெண்கள் எல்லாருக்கும் அருமையான மஞ்சள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மருந்தைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை, பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு மரத்தடியில் நிற்கிற ஆளுக்குப் பச்சை! டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டுக் குடிப்பது உண்டா என்று கேட்டார். ஐயாவு சம்சு குடிப்பதைத் தோட்டமே அறியும். ஈரல் கெட்டாலும் இந்த நொதி குறையும் என்று டாக்டர் சொன்னார். விஷயம் அதோடு முடிந்தது. மண்டோர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

அன்றைக்கே நல்லம்மாள் தங்கச்சியிடம் மெதுவாகச் சொன்னாள். "மணி, சாயங்காலமானா கண்ணு ஒரு மாதிரி மங்குது. எடது கண்ணு எமை நிக்காமத் துடிக்குது. கையில பலம் இல்ல புள்ள."

பக்கத்தில் நின்ற சின்னம்மா என்ற வெற்றிலை போடுகிற அம்மாள், "பொம்பளைக்கு எடது கண்ணு துடிச்சா நல்லதுதான். ஒனக்கு நல்ல காலம் வருதுடி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நவமணி அக்காவின் காகிதத்தை எடுத்துக் காட்டினாள்.

"பாருக்கா. தங்கமா இருக்கு ஒன் ரத்தம். நீ ஒழுங்கா சாப்பிடுறதில்ல, அதான்."

டாக்டர் கண்டதைத் துரையிடம் சொன்னார். துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்களுக்கு டீயும் பிஸ்கட்டும் வந்தது. அதற்குப் பிறகு தோட்டத்தில் யாராவது தலைசுற்றுகிறது என்று உட்கார்ந்தால், "பேப்பரு நல்லா இருக்குன்னு சொல்லியாச்சு, நடிக்காதே" என்ற பேச்சு பிறந்துவிட்டது. நவமணி வெட்டி ஒட்டிய காகிதம் மண்டோர் கையில் பிரம்பாகிவிட்டது. இது எங்களுக்கு உடனே தெரியவில்லை.

மூன்றாவது தடவையும் அதே கதைதான். மண்டோருக்குப் பச்சை, மற்றவர்களுக்கு மஞ்சள். நல்லம்மாள் அன்று மெதுவாகச் சொல்லவில்லை, எல்லார் முன்னாலும் சொன்னாள். மருந்து வேலையிலிருந்து தன்னை மாற்றச் சொல்லித் துரையிடம் பேசும்படி கேட்டாள். நவமணிக்குக் கோபம் வந்துவிட்டது. சொந்த அக்கா இப்படிக் கேட்டால் லேபில் தன்னை என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் அதில் இருந்திருக்கும்.

"சும்மா இருக்கா. எல்லாருக்கும் ஒரே மருந்துதானே, அவங்கெல்லாம் நல்லாத்தானே இருக்காங்க? பேப்பரு பொய் சொல்லுமா?"

நல்லம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் புருஷன் செல்லன் லோரியில் பழக்குலை ஏற்றுகிற ஆள், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "வீட்டுலயும் இதே நாடகம்தான்" என்று என்னிடம் சொன்னான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை, ஆனால் காகிதத்தை நம்பியதில் அவனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

நான்காவது தடவை போனபோது நல்லம்மாளைப் பார்த்து நவமணியே ஒரு கணம் திகைத்தாள். அக்கா பாதியாக இளைத்திருந்தாள். தண்ணீர்க் குவளையை எடுத்தவள் பிடிக்க முடியாமல் கீழே போட்டாள். வரிசை வழக்கம்போல நகர்ந்தது. மண்டோர் பச்சை, அடுத்தவள் மஞ்சள், அடுத்தவளும் மஞ்சள். நல்லம்மாளுக்கும் மஞ்சள்தான். கடைசியாகச் சின்னம்மா வந்தாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவள் விரலைக் குத்தக் கொடுத்துவிட்டு, "எங்க, என்னோடத நானே பாக்குறேன்" என்று தட்டிலிருந்த காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் பெருவிரல் பட்ட இடம் ரத்தச் சிவப்பாக மாறியது.

"அடியே, ஆரத்தி சுத்தியாச்சுடி!" என்று யாரோ கத்த, கொட்டகையே சிரித்தது. தூளியில் தூங்கிய பிள்ளை ஒன்று முழித்துக்கொண்டு அழுதது.

டாக்டர் சிரிக்கவில்லை. "சுண்ணாம்பு பட்டா இந்தச் சாயம் நீலமாத்தானே ஆகணும்? சிவப்பு எங்கேயிருந்து வந்தது?" என்று காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால்தான் அந்தச் சிவப்பு வரும் என்பது நவமணிக்குத் தெரியும். தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகக்கண் வரைக்கும் மஞ்சள் ஏறியிருந்தது. சிட்டிகை வைத்த அதே விரலால்தான் அடுத்தவளின் காகிதத்தை எடுத்தாள், அதே விரலால்தான் ஈரக் காகிதத்தை உரித்தாள். துணியில் துடைத்தால் மஞ்சள் போய்விடுமா? மண்டோர் ஒருவர்தான் அவள் டின்னைத் தொடுவதற்கு முன்னால் விரலை நீட்டியவர். தமிழ்ப் பெண்ணின் கையில் மஞ்சள் இருப்பதை யார் உற்றுப் பார்ப்பார்கள்? டாக்டர் வீட்டிலும் அம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறார். அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அவள் எழுந்து குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்து, புதுக் காகிதத்தைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்தாள். அக்காவைக் கூப்பிட்டு அவள் கையையும் நன்றாகக் கழுவிவிட்டு, வேறு விரலில் குத்தினாள். தட்டில் வைத்துவிட்டு எல்லாரும் காத்திருந்தோம். அந்தக் காகிதம் பச்சையாகவே இருந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். ஓரத்தில்கூட ஒரு பொட்டு மஞ்சள் வரவில்லை. மண்டோருடையதைவிட அதிகப் பச்சை. மற்றப் பெண்களுக்கும் திரும்ப எடுத்தாள். யாருக்குமே ஒழுங்கான மஞ்சள் இல்லை.

"இப்ப என்ன சொல்லுது பேப்பரு?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

"நீ சொன்னதத்தான் சொல்லுதுக்கா" என்றாள் நவமணி. அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டரையும் அவளையும் துரையின் ஆபீசுக்கு ஏற்றிப் போனேன், நான் வெளியே நின்றேன். துரை இந்தத் தடவை டீ கொடுக்கவில்லை. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் நல்லது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், நான் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டேன், இப்போது மஞ்சள் தூள் கதை சொல்கிறீர்களே, எதை நம்புவது என்று கேட்டாராம். கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதுதான் ஆத்திரம். ஆஸ்பத்திரி ரத்தம் எடுத்து எழுதிக் கொடுக்கட்டும், அதுவரைக்கும் வேலை நடக்கும் என்று முடித்துவிட்டார். டாக்டர் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். "நானும்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன், மணி. ஒன் தப்பு மட்டும் இல்ல" என்று அவளிடம் சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் அந்த வார்த்தை நாளைக் காலை நல்லம்மாள் கையில் போத்தல் ஏறுவதைத் தடுக்காது.

அதைவிட மோசம் ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் நடந்தது. நாங்கள் திரும்பி வருவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. சோப்புப் போட்டுக் கழுவினதால்தான் பச்சையாகிவிட்டது என்றார்கள் சிலர். தங்கச்சி வந்து அக்காவுக்கு லீவு வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறாள் என்றார்கள் மற்றவர்கள். அதை முதலில் சொன்னது செல்லன்தான் என்று எனக்குச் சந்தேகம். நவமணி அன்று எங்களோடு வேனில் ஏறவில்லை, அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள். "நீங்க போங்கண்ணே. காலையில பெரட்டுக்கு முன்னாடி வந்துடுங்க" என்றாள். நானும் டாக்டரும் கோல சிலாங்கூர் டவுனில் தங்கினோம். டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், காகிதம் சொன்னது சரி என்று வந்தது. அந்தக் கும்பல் முழுவதையும் மருந்து வேலையிலிருந்து மாற்றிப் புல் வெட்டப் போட்டார்கள். நல்லம்மாளின் கண் தெளிய வெகுநாள் பிடித்தது. டாக்டரின் காகிதம் கடைக்கு வரவில்லை, மேலே இருந்தவர்கள் மஞ்சள் தூள் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே அதை ஓரம் கட்டினார்கள். நவமணி அதற்குப் பிறகும் லேபில்தான் இருந்தாள், கல்யாணமாகி ராசா என்ற ஊருக்குப் போகிறவரை. இவையெல்லாம் கேட்டால் யாரும் சொல்லக்கூடிய விவரங்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்தக் காலைக்காக.

பெரட்டு என்றால் வேலைக்கு முன்னால் ஆள் கணக்கு எடுக்கிற கூட்டம். ஆபீஸ் முன்னாலிருக்கும் திடலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வானம் இன்னும் சரியாக வெளுக்கவில்லை. பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள், ஒவ்வொருத்தி காலடியிலும் மருந்து போத்தல். துரை படிக்கட்டில் நின்றார். ஐயாவு பெயர்களைக் கூப்பிட்டார். நல்லம்மாள் பெயர் வந்தபோது, "இருக்கேன்" என்று குனிந்து போத்தலை எடுத்தாள். நவமணி வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மண்டோரே, ஒரு நிமிஷம்."

"ஆபீசுல பேசிக்க லா. வேலைக்கு நேரமாச்சு" என்றார் ஐயாவு.

"ஆபீசுல பேசியாச்சு. இது இவங்ககிட்ட பேச வேண்டியது." பெண்களைப் பார்த்துத் திரும்பினாள். எப்போதும் படபடவென்று கொட்டுகிற வாய் அன்று ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியது. "ஒங்க பேப்பரெல்லாம் மஞ்சளானது ஒங்க ரத்தத்தால இல்ல. என் கையில இருந்த மஞ்சளால. எரியக் கூடாதுன்னு வெச்சேன். அது போயி பேப்பர்ல ஒட்டி, நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு காட்டிடுச்சு. எங்கக்கா மொத நாள்லேருந்து சொன்னது அத்தனையும் நெசம். அவ நடிக்கல. நான்தான் அவளப் பொய்க்காரி ஆக்குனேன். எல்லார் முன்னாடியும் ஆக்குனேன், அதான் எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

துரைக்குத் தமிழ் பாதிதான் தெரியும், பக்கத்தில் நின்ற ஆபீஸ் கணக்குப்பிள்ளை கிராணியைப் பார்த்தார். கிராணி தரையைப் பார்த்தான். செல்லன் லோரிக்குப் பக்கத்தில் நின்றவன், பின்பக்கம் நகர்ந்து மறைந்துகொண்டான். எனக்கு ஒரு பயம் வந்தது. இவள் இவ்வளவு சொல்லியும் இவர்கள் பேசாமல் போத்தலைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டால் என்ன செய்வாள்? ஐயாவு தொண்டையைக் கனைத்து, "சரி சரி, கெளம்புங்க" என்றார்.

நல்லம்மாள் நகர்ந்தாள். பழக்கம் அப்படி. அப்போது சின்னம்மா கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் சாயங்காலமானா கண்ணு தெரியல" என்றாள். "பேப்பரு நல்லாருக்குன்னு சொன்னாங்களா, எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சுப் போச்சோன்னு நெனச்சேன். வீட்டுல யாருக்கும் சொல்லல."

அவளுக்குப் பின்னால் ஒரு குரல், "எனக்கு ராத்திரியெல்லாம் எச்சி ஊறுது" என்றது. இன்னொருத்தி தொடை சதை துடிப்பதைச் சொன்னாள். ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, ரசத்தில் உப்புப் போட்டோமா இல்லையா என்று மறந்துபோவதைச் சொல்லிவிட்டு, மாமியார் அடித்ததையும் சேர்த்துச் சொன்னாள். போத்தல்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறாள். பக்கத்தில் நிற்பவளுக்கு நல்ல ரத்தம், நமக்கும் நல்ல ரத்தம், அப்படியானால் கோளாறு நம் புத்தியில்தான் என்று வாயை மூடிக்கொண்டு தினமும் மரத்தடிக்குப் போயிருக்கிறார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றார்.

கடைசியில் ஐயாவு பேசினார். நல்லம்மாளைச் சோம்பேறி என்று வாய்க்கு வாய் சொன்ன அதே ஐயாவு. "எனக்கும் கை நடுங்குது, நல்லம்மா. எல்லாம் சம்சுன்னுதான் நெனச்சேன்."

நல்லம்மாள் போத்தலைப் பிடித்தபடியே வரிசை முழுவதையும் திரும்பிப் பார்த்தாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். பிறகு தங்கச்சியிடம் திரும்பினாள்.

"இத்தன பேரா, மணி?"

நவமணி அக்காவின் கையிலிருந்த போத்தலை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.